நடையை மறந்த பவுனு

கடைத்தெருவில் இரண்டு தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன் என்பதற்காக, போன மாதம் என் தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். மூளையில் ஓடும் அலையைப் பார்க்கிற மெஷினாம். ஒட்டிய பெண்ணுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். வாய் ஓயாமல் பேசுகிறவள். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.

"அசையாம இருங்க தாத்தா. கண்ண மூடிக்கோங்க. ஆனா தூங்கிடாதீங்க."

"மூணும் சேந்தாப்போல எப்படிம்மா முடியும்?"

"முடியும். எல்லாரும் செய்றாங்க."

நானும் செய்தேன். மெஷின் எழுதி முடித்த பிறகு, என் முகத்தில் என்ன கண்டாளோ, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கோடு கோடாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. "இப்ப வலது கைய மூடணும்னு நினைங்க. மூட வேணாம், நினைச்சா போதும்" என்றாள். நினைத்தேன். அதுவரை சீராக ஆடிக்கொண்டிருந்த ஒரு கோடு, காற்று நின்ற குளம் மாதிரி தட்டையாகிவிட்டது.

"பாத்தீங்களா? கை சும்மா இருக்கசொல்ல இந்த அலை அதுபாட்டுக்கு ஆடிகினு இருக்கும். அசையணும்னு நினைச்சாலே அடங்கிடும்."

"சோம்பேறி அலைன்னு சொல்லு."

சிரித்தாள். "எலிக்கு வேற ஒரு அலை உண்டு தாத்தா. எலி ஓடுறப்ப மூளைக்குள்ள சீரா எழும்பும், நின்னா கலைஞ்சிடும்னு காலேஜ்ல படிச்சோம்."

"குதிரைக்கு?"

"குதிரைக்கு யாரு தாத்தா ஒயர் மாட்டுவாங்க?"

நியாயமான கேள்வி. பசையைத் துடைத்துக்கொண்டேன். விரலில் ஒட்டியிருந்ததை மோந்து பார்த்தபோதுதான் அந்த வாசனை பிடிபட்டது. வண்டி மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, ஜட்கா வண்டிச் சக்கரத்து இருசில் தடவுவோமே, அந்த மை. ஆஸ்பத்திரிப் பசைக்கும் அதற்கும் உண்மையில் ஒரு சம்பந்தமும் இருக்காது. மூக்குக்கு அதெல்லாம் தெரியாது. அது என்னை ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டுபோய்த் தேரடி வீதியில் ஒரு குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டது.

குதிரையின் பெயர் பவுனு.

எழுபதுகளின் நடுவில் நான் திருவண்ணாமலைக்கு வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று சொல்லிக்கொள்வது மரியாதைக்காக. உண்மையில் ஓடினவன். வேலூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஒரு கடலை மில்லில் மூட்டை தைத்தேன். எந்த வேலையும் என்னை விரட்டவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் போகும், அவ்வளவுதான். அப்படிப் போன கால் ஜட்கா ஸ்டாண்டில் வந்து நின்றது. ஏரிக்கரையில் புல் அறுத்துக் கட்டுக் கட்டி, குதிரைக்காரர்களுக்குக் கொடுப்பேன். பசி உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இருந்தது. பவுனுக்குச் சொந்தக்காரரான முனிரத்தினண்ணன் வீட்டில், அதற்கு வேகவைக்கிற கொள்ளில் ஒரு கை எனக்கும் விழும். உப்பு மட்டும் நான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முனிரத்தினண்ணனுக்கு வீடு அடி அண்ணாமலையில். மலையைச் சுற்றிப் போகிற பாதையிலேயே இருக்கிறது அந்த ஊர். அங்கிருந்து ஊருக்குள் வர வடக்கே ஒரு சின்ன வளைவு போதும். ஆனால் சாயந்திரம் அவர் வந்த வழியே திரும்ப மாட்டார். தெற்கே போய், மலையின் முதுகுப்பக்கமாகப் பெரிய சுற்றுச் சுற்றித்தான் வீடு சேர்வார். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர் அப்பா காலத்திலிருந்து வந்த வைராக்கியம். ஊரில் எல்லோரும் அப்படியில்லை. மற்ற குதிரைக்காரர்கள் வந்த வழியே திரும்பி, சோறு தின்று, தூங்கி எழுந்த பிறகுதான் இவர் வீட்டுக்குள் நுழைவார்.

"மலையச் சுத்தி வேல செய்யறோம், அதுக்கு முதுகு காட்டிகினு போவ முடியுமா?" என்பார்.

அவர் சம்சாரம் செல்லம்மா அண்ணி அவருக்கு ஒரு படி மேலே. வண்டி வாசலை விட்டுக் கிளம்பும்போது யாராவது தும்மினால், குதிரையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, மறுபடி பூட்டச் சொல்வார். பவுனு மேல் அண்ணிக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. "எனக்கு ஒரு குண்டுமணி பவுனு வாங்கித் தர வக்கில்ல. குதிரைக்குப் பேர மட்டும் பாரு" என்று பவுனின் காதில் விழும்படியாகத்தான் சொல்வார். குதிரை செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் பிடித்த மழை விடவேயில்லை. இடி வேறு. பவுனுக்கு இடி ஆகாது. முனிரத்தினண்ணன் வானத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். வண்டியை வடக்கே திருப்பினார்.

"மழ பேய சொல்ல சாமி பாக்காது" என்றார், யாரும் கேட்காமலே.

மலை இடது பக்கம் இருந்தது. நானும் வண்டியில் இருந்தேன். அந்தப் பக்கமிருந்து பார்க்க அது வேறு யாருடைய மலை போலவோ இருந்தது. அந்த வாரக் கடைசியில் பவுனுக்குக் காய்ச்சல் கண்டது.

நின்றபடியே தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. பிறகு படுத்தது. குதிரை படுத்தால் வீடே படுத்த மாதிரி. அண்ணி வேப்பிலை செருகினார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். எந்த வைத்தியம் கேட்டதோ, ஒரு நாள் காலையில் பவுனு தானே எழுந்து நின்றது. கொள்ளும் தின்றது. அண்ணி அழுதுவிட்டார், பொறாமைக்காரியாக இருந்தும்.

எழுந்து நின்றது சரி. நடக்கவில்லை.

எப்படிச் சொல்வேன்? கால் விளங்காமல் போகவில்லை. வண்டியில் பூட்டி "போலாமா பவுனு" என்றால் காது நிமிரும், கழுத்து முன்னால் வரும், முன்னங்கால் ஒன்று கொஞ்சம் தளரும். அதோடு சரி. ஏதோ ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்து மறந்துபோனவர் முகம் மாதிரி ஒரு முகம். இழுத்தால் சாயும், தள்ளினால் நடுங்கும். எப்படியோ ஒரு அடி எடுத்து வைத்துவிட்டதென்றால், பிறகு பழைய பவுனுதான். ஜாம் ஜாமென்று போகும். எங்காவது நிறுத்தினால் போச்சு. மறுபடி மரம்.

டாக்டர் வந்து நாலு காலையும் தட்டிப் பார்த்தார்.

"காலுல ஒண்ணும் இல்லப்பா. மூளைல காய்ச்சல் ஏறி எறங்கியிருக்கு. கால் தயாராத்தான் இருக்கு. 'நட'ன்னு சொல்ற எடத்துல ஏதோ கெட்டுப்போச்சு."

"அது எதுனால சார்?"

"கொசுவா இருக்கலாம். மழ பேஞ்சி ஏரிக்கரையெல்லாம் கொசு."

"மழதான்" என்றார் அண்ணி உள்ளேயிருந்து. "மழ பேஞ்சா சாமி பாக்காதுன்னு சொன்னாரே, அந்த மழதான்."

"மருந்து?" என்று கேட்டார் முனிரத்தினண்ணன்.

"எனக்குத் தெரிஞ்சி இல்லப்பா" என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டர் அவர். அதனாலேயே அவர் முகம் இன்னும் ஞாபகமிருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஊரில் சர்க்கஸ் போட்டிருந்தார்கள். யானைக்கும் ஒட்டகத்துக்கும் புல் வேண்டுமென்று என்னிடமும் வாங்கினார்கள். புல்லை இறக்கிவிட்டு நான் புலிக்கூண்டு முன்னால் போய் நிற்பேன். டிக்கெட் இல்லாமல் புலி பார்ப்பது சின்ன விஷயமா? அந்தப் புலி நடந்துகொண்டேயிருக்கும். இந்தக் கோடிக்கு வந்தால் அதே இடத்தில் தலையைத் தாழ்த்தும், அதே காலை ஊன்றித் திரும்பும், அந்தக் கோடிக்குப் போகும். கறி போட்டாலும் ஒரு நிமிஷம் நின்று தின்றுவிட்டு மறுபடி நடை. பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் சொக்கும். புலி நடக்கிற மாதிரி தெரியாது. நடைதான் புலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிற மாதிரி தெரியும். அங்கே ஒன்று நிறுத்த முடியாமல், இங்கே ஒன்று தொடங்க முடியாமல். இரண்டுக்கும் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று அன்றைக்கு யோசிக்க எனக்குத் தெரியவில்லை. வயிறு நிறையாதவன் புலியின் மூளையைப் பற்றி எங்கே யோசிப்பான்? ஆனால் போன மாதம் அந்தத் திரையில் நெளிந்த கோடுகளைப் பார்த்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்தத் திரும்புகிற கால்தான்.

அந்தப் புலிக்குக் கறி சேகரிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் பாக்கு. ஸ்டாண்டுக்கு வந்து குதிரைகளைப் பார்ப்பார். மற்றவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், இவர் தொடையைப் பார்ப்பார். பவுனு விஷயம் அவர் காதுக்கும் போய்விட்டது.

"நடக்காதாமே?" என்றார்.

"நடக்கும். கொஞ்சம் நின்னு நடக்கும்" என்றார் முனிரத்தினண்ணன்.

"எனக்கு நடக்கணும்னு இல்லீங்க" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அன்றைக்கு முனிரத்தினண்ணன் சாப்பிடவில்லை. கை மாதிரி இருந்த குதிரை. ஆனால் நடக்காத குதிரையைக் கட்டி வைத்துக் கொள்ளு போட அவருக்கு வழி கிடையாது, அது அவருக்கும் தெரியும் சர்க்கஸ்காரருக்கும் தெரியும். போதாததற்கு, ஜட்காக்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் முனிசிபாலிட்டியில் பரிசோதனை உண்டு. மாட்டாஸ்பத்திரி டாக்டரையும் இன்ஸ்பெக்டரையும் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் லைசென்ஸ் தகடு. தகடு இல்லாத வண்டி தெருவில் இறங்க முடியாது. பரிசோதனை அடுத்த மாதம். தகடு போனால் பவுனு போகும். எங்கே போகும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வழி தெரிந்தது ஒரு சாவில். ஒரு நாள் பகல், புதுமாப்பிள்ளை, பெண், பெண்ணின் அம்மா மூவரையும் ஏற்றிக்கொண்டு மறுவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். தட்டில் பூவும் பழமும். வீதி முனையில் ஒரு மாடு குறுக்கே வர, முனிரத்தினண்ணன் பழக்கத்தில் கடிவாளத்தை இழுத்துவிட்டார். பவுனு நின்றது. அவ்வளவுதான், நின்றது நின்றதுதான். கெஞ்சினார், நாக்கைச் சொடுக்கினார். மாப்பிள்ளை கடிகாரம் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து பறை கேட்டது. பெரிய சாவு, பூப்பல்லக்கு, சங்கு எல்லாம். பல்லக்கு எங்களைத் தாண்டி முன்னால் போனது. அதன் பின்னாலேயே பறைக்காரர்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் பவுனின் தோல் ஒரு தரம் சிலிர்த்தது. காலைத் தூக்கியது. வைத்தது. அடுத்த கால். பறையின் அடிக்கு அடி காலெடுத்து, பிணத்துக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தது.

"ஏம்பா வண்டிக்காரரே, எங்க பொண்ண எங்கப்பா கூட்டிகினு போற?" என்றார் அந்த அம்மா.

"நான் போவலம்மா. அதுதான் போவுது."

"நிறுத்துப்பா."

"நிறுத்தினா மறுபடி போவாதும்மா."

சுடுகாட்டுத் திருப்பத்தில் மாப்பிள்ளை தட்டோடு குதித்தார். பெண் குதிக்கவில்லை. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நன்றாக வாழ்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மறுநாளே எங்களுக்குப் 'பொணத்து வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணி வண்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, பூசணிக்காய் உடைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். "பொண்ணு மாப்ள ஏறின வண்டிய பொணத்துக்குப் பின்னால ஓட்டினவரு நீங்க ஒருத்தர்தான்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

முனிரத்தினண்ணன் மட்டும் வேறு யோசனையில் இருந்தார். போய் அந்தப் பறைக்காரர்களில் ஒருவரைப் பார்த்து, அந்த அடியைச் சொல்லித் தரக் கேட்டார். அவர் சிரித்தாராம். "நாங்க சந்தோசத்துக்கும் அடிப்போங்க. நீங்கதான் சாவுக்கு மட்டும் கூப்புடறீங்க" என்றாராம். இதைச் சொல்லும்போது முனிரத்தினண்ணன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பறையை ஜட்காவில் ஏற்றினால் யார் ஏறுவார்கள்? வேறு சத்தம் தேடினோம். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினால் பவுனு மிரண்டது. கொட்டாங்குச்சியைத் தட்டினால் திரும்பிப் பார்த்தது, அவ்வளவே. கடைசியில் சாட்டைக் காம்பால் வண்டியின் கால்பலகையைத் தட்டினேன். அவசரம் இல்லாமல், ஒரே சீராக, ஆள் நடக்கிற நிதானத்தில். தோல் சிலிர்த்தது. காலைத் தூக்கியது.

முனிரத்தினண்ணன் தட்டினால் வராது. அவருக்குத் தாளம் என்பதே கிடையாது. பஜனையில் அவர் கையில் ஜால்ரா போனால் பாடுகிறவர் பாட்டையே நிறுத்திவிடுவார். நாலு தட்டுக்குள் அவசரப்பட்டு ஓடும் அவர் கை. பவுனு குழம்பிப்போய்க் காலை வைத்த இடத்திலேயே வைக்கும். அதனால் புல் அறுக்கிற நான் கால்பலகைக்கு உத்தியோக உயர்வு பெற்றேன். வண்டி நிற்கும்போதெல்லாம் நான் தட்ட வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் முனிரத்தினண்ணன் சாட்டைக் காம்பைச் சக்கரத்து ஆரக்கால்களில் விடுவார், தெருவில் போகிறவர்களை விலக்க எல்லா ஜட்காக்காரர்களும் செய்வதுதான். அந்தக் கடகடப்பு பவுனுக்குப் பிறகு துணை.

ஏறுகிறவர்கள் கேட்பார்கள். "அந்த ஆளு எதுக்குத் தட்டிகினே வர்றான்?"

"நரம்பு வியாதிங்க. தட்டலன்னா பேஜாராப் பூடுவான். பாவம், அனாத" என்பார் முனிரத்தினண்ணன், சிரிக்காமல்.

ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். வியாதிக்காரனாக இருப்பதில் லாபமும் உண்டு. பழத்தை நானும் பவுனும் பாதிப் பாதி தின்றோம்.

பரிசோதனை நாள் வந்தது. மைதானத்தில் ஜட்காக்கள் வரிசையாக நின்றன. குதிரைக்கு நெற்றிப்பட்டம், சக்கரத்துக்குப் புது மை. அன்றைக்கு மைதானம் பூரா அந்த வாசனைதான். சட்டம் என்னவென்றால் வண்டியில் ஓட்டுகிறவர் மட்டும் இருக்க வேண்டும். தூரத்துப் புளியமரம் வரை ஓட்டி, அங்கே முழுக்க நிறுத்தி, திரும்பக் கிளப்பி வர வேண்டும். இது எனக்கும் முனிரத்தினண்ணனுக்கும் அங்கே போன பிறகுதான் தெரியும். போன வருஷங்களில் அவர் அதைக் கவனித்ததே இல்லை. நன்றாக நடக்கிற குதிரையை எங்கே நிறுத்திக் கிளப்பினோம் என்று யார் நினைவு வைத்திருப்பார்கள்?

இந்தக் கோடியில் பிரச்சினையில்லை. பக்கத்து வண்டியில் சும்மா சாய்ந்திருப்பவன் போலப் பலகையைத் தட்டினேன். பவுனு கிளம்பியது. அழகாகப் போனது. புளியமரத்தடியில் திரும்பி நின்றது.

திரும்பியும் ஆயிற்று, இனிக் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை.

நான் இங்கே தட்டுவது அங்கே கேட்காது. நடுவில் இத்தனை குதிரை, இத்தனை ஜனம். முனிரத்தினண்ணன் குனிந்து சாட்டைக் காம்பால் தட்டுவது தெரிந்தது. கை ஓடுவதும் தெரிந்தது. பவுனின் காது முன்னும் பின்னும் போனது. தொடை நடுங்கியது. ஒரு குளம்பு தூக்குவது போல வந்து மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வேலியோரம் குந்தியிருந்த சர்க்கஸ்காரர் பாக்கைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததை முனிரத்தினண்ணன் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் தட்டியது தட்டே இல்லை.

அந்தப் புளியமரத்து நிழலில்தான் செல்லம்மா அண்ணி உட்கார்ந்திருந்தார். சோற்றுத் தூக்கோடு வந்தவர். தூக்கைக் கீழே வைத்தார். எழுந்தார். நேராக நின்று, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக நின்று மாரடிப்பார்கள். ஒரே அடி, ஒரே நேரம், ஒரு கை முந்தாது ஒரு கை பிந்தாது. சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்து உடம்பில் ஊறிப்போவது. ஆனால் உயிரோடு இருக்கிற புருஷன் கண் முன்னால் ஒரு சுமங்கலி அதைச் செய்வாளா? தும்மினால் வண்டியை அவிழ்க்கச் சொல்கிற அந்த அம்மாள் செய்தார். அழவில்லை. வாயே திறக்கவில்லை. கண் பவுனின் காலில் இருந்தது. அடி மட்டும் விழுந்துகொண்டிருந்தது, ஆள் நடக்கிற நிதானத்தில்.

பவுனின் தோல் சிலிர்த்தது.

அண்ணி அடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தார். குதிரையும் நடந்தது. என் பக்கத்தில் ஒரு கிழவர், "புருசன் குத்துக்கல்லாட்டம் வண்டி மேல குந்திகினு கீறான். இவ மாரடிக்கிறாளே" என்று முணுமுணுத்தார். முனிரத்தினண்ணன் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. பாதி மைதானம் தாண்டியதும் சாட்டைக் காம்பை ஆரக்காலில் விட்டார். கடகடவென்று பிடித்துக்கொண்டது. அண்ணி கையை இறக்கினார்.

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தார். "அந்தம்மா எதுக்கு அடிச்சிக்கிறாங்க?"

டாக்டர் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "குதிர போவுதா இல்லையா சார்? அத எழுதுங்க."

எழுதினார்கள். தகடு கிடைத்தது. சர்க்கஸ்காரர் அடுத்த ஊருக்குப் போனார். புலி அங்கேயும் நடந்துகொண்டிருந்திருக்கும்.

திரும்பும்போது மூவரும் வண்டியில் ஏறினோம். கொஞ்ச தூரம் போயிருப்போம். பிறகு முனிரத்தினண்ணன் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"நான் இன்னும் சாவலடி."

"தெரியும். எடுத்துகினு வந்த சோத்த யாரும் துண்ணல. ஆறிப்போச்சி."

அவ்வளவுதான் அதைப் பற்றி அந்த வீட்டில் பேசியது. அண்ணி அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தாலிக்கு மஞ்சள் பூசினார். நெஞ்சுக்குழி சில நாள் கன்றிக் கிடந்தது. புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலை செய்தார்.

ஆனால் எனக்கு மிஞ்சியது அந்தத் திரும்பிப் போன வழிதான். தெற்கே போய் மலையைச் சுற்றி, பெரிய வழி. பின்மதிய வெயில். பாதையில் புளியமர நிழல், பிறகு வெயில், பிறகு நிழல். குளம்புச் சத்தமும் ஆரக்கால் சத்தமும் ஒன்றில் ஒன்று விழுந்து, எது எது என்று தெரியாமல் போய்விட்டது. அண்ணி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். முனிரத்தினண்ணன் ஒரு கையில் கடிவாளமும், ஒரு கையில் ஆரக்காலில் விட்ட சாட்டைக் காம்புமாகத் தூங்கினார். பவுனும் தூங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். கால் போய்க்கொண்டிருந்தது. என் கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. தட்டுகிறவன் நான்தானா என்றுகூடத் தோன்றியது. மலை வலது பக்கம் மெல்ல மெல்ல முகத்தை மாற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் நகர்கிறோமா, அது திரும்புகிறதா? என்னைக் கேட்டால் அன்றைக்கு நாலு பேர் தலையிலும் ஒரே அலைதான் ஓடியிருக்கும். ஒயர் மாட்ட ஆளில்லை.

வாழ்நாளில் எங்கேயும் நிற்காமல் திரிந்த எனக்கு, எங்கேயும் போக வேண்டாம் என்று தோன்றிய பயணம் அது ஒன்றுதான்.

தோன்றியது நிலைக்குமா? மூன்று வருஷமோ நாலு வருஷமோ தட்டினேன். பிறகு ஒரு நாள் காலையில் கால் வேறு பக்கம் போய்விட்டது. நான் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கால்பலகையில் அண்ணி உட்கார்ந்துகொண்டாராம். பவுனு எண்பதுகளின் தொடக்கத்தில், கொள்ளு தின்று படுத்து, அதுபாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாம். அவர்கள் கடலைக் கொல்லையிலேயே, கிணற்றோரமாகப் புதைத்தார்கள். இதெல்லாம் எனக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் கேள்விப்பட்ட செய்தி.

அப்புறம் நான் வந்து பார்த்தபோது தேரடியில் ஜட்கா ஸ்டாண்டு இல்லை. ஆட்டோக்கள் நின்றன. மைதானத்தில் கட்டிடம். புளியமரம் எந்த இடம் என்று கேட்டால், எந்தப் புளியமரம் என்றார்கள். தெருவில் சத்தம் ஜாஸ்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவும் கால் எடுத்து வைக்கிற சத்தம் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் முனிரத்தினண்ணனை வேங்கிக்காலில் ஒரு அடுக்குமாடி வாசலில் பார்த்தேன். வாட்ச்மேன். அண்ணி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னாடா, நரம்பு வியாதி கம்மியா ஆச்சா?" என்றார். அடுத்த லீவு நாளில் என்னை அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனார், பவுனைப் புதைத்த இடத்தைக் காட்ட. கொல்லையை எப்போதோ விற்றுவிட்டார்கள். மனை பிரித்து, மஞ்சள் கல் நட்டு, பாதி வீடுகளும் வந்துவிட்டன.

"இங்கதான்" என்றார். நாலடி நடந்தார். "இல்ல, கெணத்துக்கு இந்தாண்ட." கிணறு எங்கே? அதையும் தூர்த்துவிட்டார்கள். மலையைப் பார்த்து அடையாளம் வைக்கப் பார்த்தார். முன்னால் ஒரு மாடி மறைத்தது. இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார். கடைசியில் ஒரு பச்சை வர்ணம் அடித்த வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். கிழவர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றால் யாரும் கேட்கத்தானே செய்வார்கள்?

"யாருங்க வேணும்?"

முனிரத்தினண்ணன் அவள் காலடி மண்ணைப் பார்த்தார். பிறகு, "பவுனு" என்றார்.

அவள் நன்றாக யோசித்துப் பார்த்தாள். பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கண்ணால் ஒரு சுற்றுப் போய் வந்தாள்.

"அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லீங்களே பெரியவரே" என்றாள்.